அரை மாரத்தானா, வெளியூர்ப் பந்தயமா, மாதம் ஓர் ஊரா?

காரைக்குடியில் எங்கள் ஓட்டக் குழு அடுத்த ஓராண்டுத் திட்டத்தை முடிவு செய்ய வேண்டிய நேரம் இது. மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. நாமே காரைக்குடியில் ஓர் அரை மாரத்தான் நடத்தலாம் என்பது ஒன்று. சென்னை, கோவை, ஆரோவில் என்று வெளியூர்ப் பந்தயங்களுக்குக் குழுவாகப் போய்வரலாம் என்பது இன்னொன்று. பெரிதாக எதுவும் வேண்டாம், மாதம் ஒரு செட்டிநாட்டு ஊரில் ஓடி, அங்கேயே சேர்ந்து சாப்பிட்டுத் திரும்பலாம் என்பது மூன்றாவது.

நான் மூன்றாவது பக்கம் நிற்கிறேன். ஆனாலும் மற்ற இரண்டையும் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. அரை மாரத்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் பெருமைக்காகக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு நல்ல ஓட்டப் பந்தயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள். அந்த ஆசைக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நாம் யார் என்று பார்த்துக்கொள்வோம். முப்பது நாற்பது பேர். ஆசிரியர்கள், மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்ப, நடையிலிருந்து மெல்ல ஓட்டத்துக்கு வந்தவர்கள். வேகமாக ஓடுபவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் 5 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியதில்லை. பெண்களில் பலர் ஆறரை மணிக்கெல்லாம் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவர்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும் இவர்களில் எத்தனை பேர் வர முடியும் என்பதுதான் என் முதல் கேள்வி.

நம் ஊர்க் காலண்டர்

எந்த யோசனையை எடுத்தாலும் வெயிலும் மழையும் திருவிழாவும் போக மிச்சம் இருக்கும் நாட்களில்தான் நடத்தியாக வேண்டும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் கழிந்துவிடும். மே மாதத்தில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஏழு மணிக்கெல்லாம் தார்ச்சாலை சுட ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. செம்மண் பாதை சேறாகி வழுக்கும், கண்மாய் ஓரத்துச் சாலைகளில் தண்ணீர் ஏறிவிடும்.

மார்கழி, தை, மாசி மூன்றும்தான் ஓட்டக்காரருக்கு வாய்த்த மாதங்கள். அதே மாதங்களில்தான் சாலைகளுக்கும் வேலை அதிகம். தை பிறந்ததும் சிராவயல் மஞ்சுவிரட்டு. திருப்பத்தூர்ச் சாலை அன்று யாருக்கும் சொந்தமில்லை. தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் காவடிகள் குன்றக்குடியில் கூடி, அங்கிருந்து பழனிக்குப் பாதயாத்திரை புறப்படும். அவர்களோடும் அவர்களுக்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானவர்கள் நடப்பார்கள். மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி. ஆவணியில் சதுர்த்தியை ஒட்டிப் பிள்ளையார்பட்டி நிரம்பி வழியும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. 5 கிலோமீட்டர் ஓடுகிறவர் 21 கிலோமீட்டருக்குத் தயாராக 12 முதல் 16 வாரம் பிடிக்கும். பந்தயம் மார்கழியில் என்றால் பயிற்சியின் முக்கியமான வாரங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் விழுகின்றன. ஓட வாய்த்த மாதம் வேறு, தயாராக வாய்த்த மாதம் வேறு என்பது நம் ஊரின் நிலை. வெளியிலிருந்து பந்தயத் தேதியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

நாமே நடத்தும் அரை மாரத்தான்

இந்த யோசனையின் பலம் எனக்குப் புரிகிறது. காரைக்குடி இப்போது மாநகராட்சி. பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. கொடை கொடுக்கத் தயங்காத ஊர் இது. அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அந்த ஆய்வகம் இங்கே வந்தது. நல்ல காரியம் என்று சொல்லிப் போய் நின்றால் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் பதாகைக்குப் பணம் தரும். கோவை மாரத்தான் ஒரு புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடக்கிறது, அதனால் ஊரே அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. நாமும் ஒரு நல்ல காரியத்தோடு சேர்த்து நடத்தினால் மக்கள் வருவார்கள்.

எனக்குள்ள தயக்கம் பணத்தைப் பற்றியது அல்ல, ஆட்களைப் பற்றியது. கணக்கு போட்டுப் பாருங்கள். அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் என்றால் எட்டுப் பந்தல், பந்தலுக்கு நான்கு பேர் என்றால் முப்பத்திரண்டு பேர். சந்திப்புகளில் கொடி பிடித்து நிற்க ஒரு பதினைந்து பேராவது வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் பத்துப் பேர். இவர்கள் இல்லாமல் முதலுதவி, பை பாதுகாப்பு, எண் அட்டை கொடுப்பது, கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டி. அறுபதைத் தாண்டிவிடும். நம் குழு முழுவதும் கொடியும் குவளையும் பிடித்து நின்றாலும் போதாது. நம் ஊரில் முதன்முதலாக நடக்கும் பந்தயத்தில் நம் குழுவில் ஒருவர்கூட ஓட முடியாது. அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களும் காலை ஓட்டம் போய், அனுமதிக் கடிதத்துக்கும் டிஷர்ட் அளவுக்கும் அலைவதுதான் குழுவின் வேலையாக இருக்கும்.

அடுத்தது பாதை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் போய்த் திரும்பினால் தூரம் சரியாக வரும் என்கிறார்கள். அந்தச் சாலையில் விடியற்காலையிலிருந்தே பேருந்தும் வேனும் கோயிலுக்குப் போகும். ஒரு பக்கத்தை மறித்தால்தான் பாதுகாப்பு, மறிக்கக் காவல்துறையும் நெடுஞ்சாலைத்துறையும் ஒப்ப வேண்டும். ஜனவரியில் சூரியன் வர ஆறரை மணி ஆகிவிடும். மெதுவாக ஓடுகிறவர் மூன்று மணி நேரத்தில் முடிப்பார் என்று வைத்து, எட்டரைக்குள் எல்லாரையும் உள்ளே கொண்டுவர ஐந்தரைக்குத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் இருட்டு. விளக்கில்லாத சாலையில் நூற்றுக்கணக்கானவர்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தூரத்தை அளப்பதும் லேசான வேலை இல்லை. செல்போன் காட்டும் தூரத்தை நம்பி 21 கிலோமீட்டர் என்று பலகை வைக்கக் கூடாது. முறைப்படி என்றால் சைக்கிள் சக்கரத்தில் ஒரு எண்ணியைப் பொருத்தி, நாடா பிடித்து அளந்த ஒரு நேர்ச்சாலையில் அதைச் சரிபார்த்து, ஓட்டக்காரர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில் சைக்கிளை ஓட்டி அளக்க வேண்டும். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அரை மாரத்தானுக்கு 21 மீட்டர். முதல் அரை மாரத்தான் ஓடும் ஒருவருக்கு அந்த நேரம் ஆயுளுக்கும் நினைவில் நிற்கப் போகிறது. அளவு தப்பினால் அது அவருக்குச் செய்கிற துரோகம்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்துவது வெப்பம். ஓட்டத்தில் உடல் உள்ளுக்குள் சூடேறி ஒருவர் நிலைதடுமாறிப் பேச ஆரம்பித்தால், முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி வைத்து அதில் உடலை அமிழ்த்துவதுதான் சிறந்த வழி. 108 வந்து சேரும் வரை காத்திருக்கும் நிமிடங்கள்தான் உயிருக்கு ஆபத்தானவை. மார்கழிக் குளிரிலும் இது வரும், ஏனென்றால் சூடு வெயிலிலிருந்து மட்டும் வருவதில்லை, ஓடும் தசையிலிருந்தும் வருகிறது. இதைத் தெரிந்த டாக்டரும் செவிலியரும் முடிவுக்கோட்டில் நிற்காமல் நூற்றுக்கணக்கானவர்களை ஓட விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீரை நிறையக் கொடுத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மெதுவாக ஓடுகிறவர் ஒவ்வொரு பந்தலிலும் வயிறு நிறையக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தில் முடியும். தாகத்துக்குக் குடிக்கச் சொல்லி, உப்புப் போட்ட மோர் வைத்தால் நல்லது.

இதையெல்லாம் செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஆண்டு, இந்த நாற்பது பேரால் முடியாது என்கிறேன்.

வெளியூர்ப் பந்தயங்கள்

இதில் நடத்துகிற தலைவலி இல்லை. பாதையை அளந்து வைத்திருக்கிறார்கள், மருத்துவர் இருக்கிறார், நமக்கு ஓடுவது மட்டுமே வேலை. ஆயிரக்கணக்கானவர்களோடு ஓடும்போது கால் தானாக முன்னே போகும். அதை ஒரு தடவையாவது நம் ஆட்கள் அனுபவிக்க வேண்டும்.

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில். நமக்கு வசதி, பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்தே புறப்படுகிறது. சனிக்கிழமை விடியற்காலை ஏறினால் மதிய வாக்கில் சென்னை. எண் அட்டையை முந்தைய நாளே போய் வாங்க வேண்டும், அதற்கும் நேரம் இருக்கும். ஞாயிறு காலை ஓடிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, மாலைப் பல்லவனில் ஏறினால் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். டிக்கெட்டை மட்டும் இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சென்னையின் குறை கடல் ஓரத்து ஈரக்காற்று. வியர்வை காயாது. நம் ஊர் வறண்ட காற்றுக்குப் பழகியவர்கள் முதல் பத்து கிலோமீட்டரை நிதானமாக ஓட வேண்டும்.

கோவை டிசம்பரில். ஓடுவதற்குக் காலைக் குளிர் அருமையாக இருக்கும். ஆனால் இங்கிருந்து திண்டுக்கல், பழனி வழியாகப் பேருந்தில் போய்ச் சேருவதற்குள் கால் வீங்கிவிடும். ஓடுவதற்கு முந்தைய நாள் அது நல்லதில்லை. மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு. பொங்கல் முடிந்த கையோடு வருவதால் நம் பக்கத்தில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள், அதை விட்டுவிடலாம்.

ஆரோவில் எனக்குப் பிடித்தது. 2008 முதல் பிப்ரவரியில் நடக்கிறது. நேரம் குறிப்பதில்லை, பரிசு இல்லை, ஓடுவதன் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்பதுதான் அதன் கொள்கை. மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. நம் கால் அறிந்த மண் அது. முழு மாரத்தானும் உண்டு, அரையும் உண்டு, 10 கிலோமீட்டரும் உண்டு. அதனால் வேகமானவரும் மெதுவானவரும் ஒரே பயணத்தில் போகலாம். பல்லவனில் விழுப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து புதுச்சேரி பக்கம். மார்கழியில் வரும் பந்தயத்தைவிட பிப்ரவரியில் வருவது நம் பயிற்சிக்கும் பொருந்தும், ஏனென்றால் மழை ஓய்ந்த பிறகு மார்கழி, தை இரண்டு மாதமும் நீண்ட ஓட்டத்துக்குக் கிடைக்கும்.

சரி, குறை என்ன? பதிவுக் கட்டணம், ரயில், அறை, சாப்பாடு என்று ஒருவருக்கு ஆகும் செலவு ஒரு மாணவருக்குப் பெரிய தொகை. கடை வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை வியாபார நாள். எங்கள் குழுவில் ஓர் அக்கா நன்றாக ஓடுவார், பத்து கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் முடிப்பார். “ரெண்டு ராத்திரி வெளியில தங்கணும்னு வீட்டுல சொல்லவே முடியாது” என்கிறார். வெளியூர்ப் பந்தயத்தை ஆண்டுத் திட்டமாக வைத்தால் குழுவுக்கு இரண்டு வகை ஆட்கள் உருவாகிவிடுவார்கள், போய் வந்தவர்கள் என்றும் படம் பார்த்தவர்கள் என்றும். ஒரு பயணம் நல்லது. நான்கு பயணம் குழுவைப் பிரித்துவிடும்.

மாதம் ஓர் ஊர்

இதை முதலில் கேட்டபோது சிலர் “இது பந்தயமா, சுற்றுலாவா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மிடம் இருக்கிற ஒன்று வேறு ஊர்களில் இல்லை, அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செட்டிநாட்டு ஊர்களின் தெருக்களைப் பாருங்கள். அகலமாக, நேராக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். தெரு அமைப்பே கட்டம் கட்டமாக இருப்பதால் எந்த ஊரிலும் ஒரு கிலோமீட்டர் அல்லது ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று ஒன்றைச் சுலபமாக வகுத்துவிடலாம். கானாடுகாத்தானில் அரண்மனைத் தெருவைச் சேர்த்து ஒரு சுற்று வகுத்தால் நான்கு திருப்பம்தான்.

சுற்றுப்பாதையின் அருமை ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை சுற்று என்பது அவரவர் விருப்பம். ஒருவர் மூன்று சுற்றில் நிறுத்தலாம், இன்னொருவர் பத்து சுற்று போகலாம், இருவரும் ஒரே நேரத்தில் முடித்து ஒரே பந்தியில் உட்காரலாம். கடைசியாக ஓடுகிறவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார், ஏனென்றால் யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தால் எல்லாரும் சில நிமிடத்துக்கு ஒரு முறை அதைக் கடப்பார்கள். எட்டுப் பந்தலும் முப்பத்திரண்டு ஆட்களும் தேவையில்லை, இரண்டு பேர் போதும். ஒருவர் ஒரு சுற்றில் வரவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பாதுகாப்பு என்று பார்த்தால் மூன்று யோசனைகளில் இதுதான் முதலிடம்.

பெண்களுக்கும் இதுவே நல்லது. தெரிந்தவர்கள் நடுவே, ஊருக்குள்ளே, கண்ணில் படும் தூரத்தில் ஓட்டம். கழிப்பறைக்கு யாராவது ஒருவர் வீட்டைத் திறந்து விட்டால் போதும். இது சின்ன விஷயம் இல்லை. நெடுஞ்சாலைப் பந்தயங்களில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

எந்தெந்த ஊர்? ஆடியில் தொடங்கிப் பங்குனி வரை ஒன்பது மாதம், சித்திரை, வைகாசி, ஆனியில் ஓய்வு. ஒன்பது மாதம் என்றதும் ஒரு பெரியவர் நகரத்தாரின் குலக் கோயில்களான நகரக் கோயில்கள் ஒன்பதையும் வரிசையாக எடுத்துக்கொள்ளலாமே என்றார். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. அழகான யோசனை, மனத்தைத் தொட்டது. ஆனாலும் நம் குழுவில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், நகரத்தார் அல்லாதவர்கள்தான் அதிகம். கோயிலை வைத்துக் கணக்கிடுவதைவிட ஊரை வைத்துக் கணக்கிடுவது எல்லாருக்கும் பொருந்தும். ஓட்டம் ஊருணிக் கரையில் தொடங்கி ஊருணிக் கரையில் முடியட்டும், கோயிலுக்குப் போக விரும்புகிறவர்கள் குளித்துவிட்டுப் போகட்டும்.

அதனால் ஒன்பதில் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்ற ஊர்களையும் சேர்க்கச் சொல்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், அரியக்குடி, ஆத்தங்குடி, தேவகோட்டை, அருகருகே இருப்பதால் மாத்தூரும் இலுப்பைக்குடியும் ஒரே ஓட்டமாக, கீழச்சிவல்பட்டிப் பக்கம் இளையாத்தங்குடி, கடைசியாகக் குன்றக்குடி. ஐப்பசி, கார்த்திகைக்குக் கோட்டையூரும் அரியக்குடியும். கிட்டத்தில் இருப்பதால் மழை வந்தாலும் திரும்பிவிடலாம், உள்தெருக்கள் செம்மண் பாதையைப் போல வழுக்காது. ஆத்தங்குடியை மார்கழிக்கு வையுங்கள். பிள்ளையார்பட்டியைச் சதுர்த்தி மாதத்தில் தொடவே வேண்டாம்.

ஆத்தங்குடிக்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஓடி முடித்து வியர்வை அடங்கியதும், தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற ஒரு பட்டறைக்குப் போகலாம். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அப்புறம் அச்சைக் கையால் மெல்லத் தூக்குவார்கள். தூக்கும் அந்த நேரத்தில் கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து மட்டம் தட்டி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கும், மெருகு போடுவதே இல்லை. நம் வீட்டுத் தரையில் தினமும் மிதிப்பது எப்படிப் பிறக்கிறது என்று குழந்தைகள் பார்க்கட்டும். குடும்பத்தோடு வர வேண்டிய மாதம் அது. குழந்தைகளுக்கு ஒரே ஒரு சுற்று ஓட்டம் வைத்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடி ஓட்டத்துக்குக் கும்மாயம். உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் நெய் விட்டுக் கிண்டியது. ஓடிக் களைத்த தசைக்குப் பருப்பின் புரதமும் கருப்பட்டியின் இனிப்பும் ஒன்றாகக் கிடைக்கும், பொட்டலத்தில் விற்கும் எதையும் தேட வேண்டாம். மற்ற மாதங்களில் இட்லியும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் போதும். சமையலை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. ஊருக்கு ஊர் ஆச்சிமார் பிரியமாக, “நாங்க பாத்துக்கிறோம், நீங்க வாங்க” என்பார்கள். அந்தப் பிரியத்தை நம்பி நாற்பது பேர் கை வீசிக்கொண்டு போய் உட்காரக் கூடாது. மளிகைக்கு முன்கூட்டியே பணம், சமைப்பவருக்குக் கூலி, பாத்திரம் கழுவ நம் ஆட்கள். ஆளுக்கு ஒரு தொகை வசூலித்தால் ரயில் டிக்கெட்டில் ஒரு பங்குகூட ஆகாது.

இந்த யோசனைக்கும் குறைகள் உண்டு. பெரிய குறை, இலக்கு மங்கிவிடும். சாப்பாடும் பேச்சும் கூடிக் கூடி ஓட்டம் அரைமணி நேரமாகச் சுருங்கிவிடும் ஆபத்து நிஜமானது. வேகமாக ஓடுகிறவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப் போவார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. புரட்டாசியிலும் மாசியிலும் சுற்றை நாடா வைத்து அளந்து, 5 கிலோமீட்டருக்கு எல்லாருக்கும் நேரம் குறிக்கலாம். அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். பரிசு வேண்டாம். புரட்டாசியில் எடுத்த நேரத்துக்கும் மாசியில் எடுத்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஓடிய 5 கிலோமீட்டர் ஓட்டம்தான் இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கும் பார்க்ரன் ஆயிற்று. கட்டணம் கிடையாது, நேரம் மட்டும் குறிப்பார்கள், நடத்துவது தன்னார்வலர்கள். வாரம் தவறாமல் நடந்ததுதான் அதன் பலம்.

தெருநாய்கள் இன்னொரு தொல்லை. இருட்டில் புது ஆட்கள் கூட்டமாக ஓடினால் துரத்தும். முந்தைய வாரம் இரண்டு பேர் போய்ச் சுற்றை நடந்து பார்த்து, எந்த முக்கில் நாய்க்கூட்டம் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு தொடங்குவதும் உதவும். மார்கழியில் ஆறரைக்குத் தொடங்கினாலும் வெயில் ஒன்றும் செய்யாது. அந்த நேரம் வீட்டு வேலை இருக்கிறவர்களுக்கு இடிக்கும் என்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வீட்டில் காலை அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வீட்டாரையும் பந்திக்கு அழைத்து வரட்டும்.

செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே இருக்கும். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். திண்ணையில் உட்கார்வதாக இருந்தாலும் காவல்காரரிடம் கேட்டால் போதும் என்று நினைக்காமல், வீட்டுக்காரரிடம் போனில் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

நான் எப்படிச் சேர்ப்பேன்

மாதம் ஓர் ஊர் என்பது ஆண்டுத் திட்டத்தின் முதுகெலும்பு. அதோடு வெளியூர்ப் பயணம் ஒன்று, ஆரோவிலுக்கு. குழுப் பணத்திலிருந்து மாணவர்களின் ரயில் செலவை ஏற்கலாம், ஒரே ஒரு பயணம் என்பதால் அது தாங்கும். அந்த அக்காவைப் போன்றவர்களுக்குக் குடும்பத்தோடு வர அறை ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். சென்னைக்குப் போக விரும்புகிறவர்கள் அவர்களாகப் போகட்டும், குழுத் திட்டத்தில் வேண்டாம்.

தைப்பூசத்தை ஒட்டி ஓட்டம் எதுவும் வைக்காமல், பாதயாத்திரைக்காரர்களுக்குக் குன்றக்குடிச் சாலையில் ஒரு காலைப்பொழுது மோர்ப் பந்தல் போடலாம். நடந்து வருகிறவர்களின் கால் கொப்புளத்துக்கு மருந்து வைக்கவும், எத்தனை குவளை மோர் ஒரு மணி நேரத்தில் போகும் என்று கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. அரை மாரத்தான் நடத்த வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் பள்ளிக்கூடம்.

அந்த அரை மாரத்தானை நான் மறுக்கவில்லை, தள்ளி வைக்கிறேன். மூன்று நிபந்தனைகள் கூடிவந்தால் நானே முன்னின்று கேட்பேன். ஓடாமல் வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் அறுபது பேர் பெயரோடு இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்களாக இருந்தாலும் சரி. வெப்ப பாதிப்பைக் கையாளத் தெரிந்த மருத்துவர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். பாதை நெடுஞ்சாலையில் இல்லாமல் வளாகச் சாலையும் உள்தெருக்களும் சேர்ந்த சுற்றாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் ஆண்டு 21 வேண்டாம், 10 கிலோமீட்டரில் தொடங்கலாம்.

ஆடி ஓட்டம் கானாடுகாத்தானில் என்று வைத்துக்கொண்டால் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: சுற்றை யார் போய் அளப்பது, எந்த வீட்டில் கழிப்பறைக்கும் பந்திக்கும் கேட்பது, கும்மாயம் கிண்ட எந்த ஆச்சியிடம் பேசுவது, மாணவர்களை ஏற்றிக்கொண்டு வர யார் வண்டி. அளக்க நான் வருகிறேன், நாடா என்னிடம் இருக்கிறது.